முதலில் யாரிடம் ஓடுவாய்?

காலை ஷிப்ட். ஹேண்டோவர் முடிந்து கேஸ் ஷீட்டுகளைக் கையில் வாங்கிவிட்டாய். உன் பொறுப்பில் நான்கு பேர். முதலாமவருக்குச் சர்க்கரை 180. இரண்டாமவருக்கு முந்தாநாள் ஹெர்னியா ஆபரேஷன். வலி பத்துக்கு ஆறு என்கிறார். மூன்றாமவர் சி.ஓ.பி.டி. நோயாளி, வருடக்கணக்காக இரைப்பு. ஆக்சிஜன் அளவு 90 காட்டுகிறது. நான்காவது ஓர் அம்மா. நேற்றுதான் தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்திருக்கிறார்கள். வலி என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "வாயைச் சுத்தி மதமதன்னு இருக்கு சிஸ்டர்" என்று மட்டும் சொல்கிறார்.

முதலில் யாரிடம் ஓடுவாய்?

அந்த அம்மாவிடம்தானே! நீ யோசிக்கவே இல்லை. தைராய்டை எடுக்கும்போது அதன் பின்னால் ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அடிபட்டிருக்கலாம், ரத்தத்தில் கால்சியம் இறங்கிக்கொண்டிருக்கலாம், கவனிக்காமல் விட்டால் குரல்வளை இறுகி மூச்சே அடைபடலாம் என்பது உனக்குத் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் ஸ்டாக் இருக்கிறதா, ட்ரக்கியாஸ்டமி செட் கட்டில் பக்கத்தில் இருக்கிறதா என்று உன் கண் இப்போதே தேட ஆரம்பித்திருக்கும். சி.ஓ.பி.டி.காரருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்பதும் உனக்குத் தெரியும். அதனால்தான் 90 என்ற எண் உன்னைப் பதறவைக்கவில்லை.

தங்கையே, கேள். நீ இப்போது பதில் சொன்னது அமெரிக்காவின் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸில் கேட்கும் வகைக் கேள்வி. அட்லாண்டாவிலும் சிகாகோவிலும் நான்கு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு வரும் பெண் எந்தக் கேள்விக்கு முன்னால் உட்கார்ந்து நகம் கடிக்கிறாளோ, அதே வகைக் கேள்வி. அரியலூரிலோ திருப்பத்தூரிலோ ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் நின்றபடி நீ அதற்குப் பதில் சொல்லிவிட்டாய். பிறகு ஏன் "எனக்கெல்லாம் அது வராதுக்கா" என்கிறாய்? யார் சொல்லிக் கொடுத்த பாட்டு அது?

(தம்பிகளும் இதைப் படிப்பீர்கள். தங்கை என்று எழுதினாலும் சொல்வது எல்லாம் உங்களுக்கும்தான்.)

வார்டிலும் பிறகு வகுப்பறையிலும் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன். நம் பெண்களுக்கு அறிவு குறையவில்லை. அந்த அறிவுக்கு உரிய மரியாதையை யாரும் அவர்களுக்குக் கொடுத்ததில்லை. அதனால் அவர்களும் தங்களுக்குக் கொடுத்துக்கொள்வதில்லை. நோயாளியின் முகம் வெளுப்பதை முதலில் பார்ப்பது நீ. யூரின் பேகில் அளவு குறைவதை முதலில் கவனிப்பது நீ. பிரஷர் 90-க்குக் கீழே இறங்குவதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறியிருப்பதை விரல் நுனியில் உணர்ந்தவள் நீ. ஆனால் ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்கும்போது பின்னால் நிற்கிறாய். தெரிந்ததைச் சொல்ல வாய் திறப்பதற்குள் இன்சார்ஜ் சிஸ்டர் முறைக்கிறார். இந்தப் பழக்கம்தான் தேர்வறைக்குள்ளும் உன்னோடு வந்து உட்கார்கிறது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போ.

இது வெறும் உற்சாக வார்த்தை இல்லை. மதிப்பெண் கணக்கோடு சொல்கிறேன். ஒரு நோயாளிக்குத் திடீரென்று மூச்சுத் திணறுகிறது, செவிலியர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு நான்கு விடை கொடுக்கிறார்கள். அதில் ஒன்று, "மருத்துவருக்குத் தகவல் சொல்வது". நம் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொடுகிறார்கள். இங்கே அதுதான் பாதுகாப்பு. டாக்டரிடம் சொல்லிவிட்டால் நம் மேல் பழி வராது. அந்தத் தேர்வில் பெரும்பாலும் அது தவறான விடை. தலைப்பக்கத்தை உயர்த்து, மூச்சைப் பார், ஆக்சிஜன் கொடு, அதன் பிறகு டாக்டரைக் கூப்பிடு. நீ செய்ய வேண்டியதை முதலில் நீ செய். செவிலியர் என்பவர் தானாகத் தீர்மானம் எடுக்கத் தெரிந்தவர் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்தத் தேர்வையே கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. அங்கே பதிவு பெற்ற செவிலியருக்குக் கீழே உரிமம் பெற்ற துணைச் செவிலியர், அவருக்குக் கீழே உதவியாளர் என்று படி இருக்கிறது. எந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்பார்கள். நமக்குப் பழக்கமே இல்லை; படுக்கை விரிப்பிலிருந்து மருந்து வரை எல்லாம் நம் தலையில்தானே! இதை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். விதி கஷ்டமானது இல்லை. நோயாளியின் நிலையை மதிப்பிடுவது, முதல்முறையாகக் கற்றுக்கொடுப்பது, நர்சிங் தீர்மானம் எடுப்பது இவை மூன்றும் உன்னுடையவை. யாரிடமும் தள்ளிவிட முடியாது. நிலையாக இருக்கும் நோயாளியைக் குளிப்பாட்டுவதையும் நடக்கவைப்பதையும் உதவியாளரிடம் கொடுக்கலாம். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் அந்தப் பகுதியில் பாதிக் கேள்விகள் வழிக்கு வந்துவிடும்.

இப்போது அந்தத் தேர்வின் உள்வேலையைச் சொல்கிறேன், ஏனென்றால் பயத்தில் பெரும்பகுதி தெரியாமையிலிருந்து வருகிறது. என்கிளெக்ஸ் 1994 முதல் கணினியில் நடக்கிறது. நீ சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும். தவறினால் கொஞ்சம் எளிதாக வரும். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவம். குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150. மொத்தம் ஐந்து மணி நேரம். நீ தேர்ச்சி எல்லைக்கு மேலே இருக்கிறாயா கீழே இருக்கிறாயா என்பது 95 சதவீதம் உறுதியானதும் கணினி நின்றுவிடும். உன் திறமையின் விளிம்பைத் தேடித்தேடிக் கேட்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அதனால் நன்றாகப் படித்தவளுக்கும் ஏறக்குறைய பாதிக் கேள்வி கையை விட்டுப் போவதுபோலவே தோன்றும். "எல்லாமே கஷ்டமா இருக்கே, ஃபெயில்தான்" என்று நாற்பதாவது கேள்வியில் மனம் உடைந்து, மீதியை ஏனோதானோ என்று தட்டிவிட்டு வெளியே வந்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பைத்தியமே, கஷ்டமாக இருந்தால் நீ மேலே ஏறிக்கொண்டிருக்கிறாய்! தொண்ணூற்று நான்காவது கேள்வியையும் முதல் கேள்விபோலப் படி. கணினி எப்போது நிற்கிறது என்று எண்ணாதே.

புதிய வடிவத்தில் ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்து ஆறு கேள்வி கேட்பார்கள். எந்த அறிகுறி முக்கியம், அதன் அர்த்தம் என்ன, எதை முதலில் சந்தேகிக்க வேண்டும், என்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா? இந்த ஆறையும் ஒரு நைட் டியூட்டியில் நீ எத்தனை தடவை செய்கிறாய் என்று யோசித்துப் பார். இரண்டு மணிக்கு ஒரு நோயாளி புரண்டு புரண்டு படுக்கிறார். போய்ப் பார்க்கிறாய், தொட்டுப் பார்க்கிறாய், ட்ரிப்ஸ் போகிறதா பார்க்கிறாய், வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்கியிருக்கிறதா பார்க்கிறாய், மாற்றிப் போடுகிறாய், அரை மணி கழித்து மறுபடி வந்து எட்டிப் பார்க்கிறாய். அவர்கள் அதற்கு ஆங்கிலத்தில் ஆறு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையாதே.

ஆங்கிலத்துக்கு வருவோம். அங்கேதான் உன் தொண்டை அடைக்கிறது, தெரியும். தமிழ் வழியில் படித்துவிட்டு நர்சிங் கல்லூரியில் முதல் வருடம் அனாட்டமி புத்தகத்தைப் பார்த்து அழுத பெண்தானே நீ? அந்தப் படிப்பை நான்கே வருடத்தில் முடித்துத் தேர்ச்சியும் பெற்றாய். மண்டையோட்டு எலும்புகள் முதல் மருந்துகளின் பக்கவிளைவு வரை ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் எழுதியவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யார் சொன்னது? பேசிப் பழக்கமில்லை. பழகாத வேலைக்குப் பயிற்சி எடுப்பது உனக்குப் புதிதா? முதல் ஊசி போட்ட அன்று உன் கை நடுங்கவில்லையா?

ஓ.இ.டி. என்ற தேர்வு மருத்துவத் துறையினருக்கென்றே உள்ளது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் எழுதுவதில் சி பிளஸும் மற்ற மூன்றிலும் பி-யும் கேட்கிறது. எழுதும் பகுதியில் ஒரு கடிதம். கேஸ் ஷீட் குறிப்புகளைக் கொடுத்து, இந்த நோயாளியை அடுத்து கவனிக்கப்போகும் செவிலியருக்கோ டாக்டருக்கோ எழுது என்பார்கள். தினமும் ஹேண்டோவர் கொடுக்கிறவளுக்கு எதைச் சொல்ல வேண்டும், எதை விடலாம் என்று தெரியாதா? அந்தக் கணிப்புதான் அங்கே மதிப்பெண்.

பேசும் பகுதியில் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். நீ செவிலியராகவே இருக்க வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், ஆங்கிலத்தால் அல்ல. நம் வார்டில் நேரமில்லை. ஐம்பது பேருக்கு இரண்டு செவிலியர். "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுகிறோம். அங்கே நோயாளி "ஆபரேஷன் என்றால் பயமாக இருக்கிறது" என்று சொன்னால், எதை நினைத்துப் பயப்படுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொண்டு அதற்குத் தகுந்த பதிலைச் சொல்ல வேண்டும். என்கிளெக்ஸிலும் இதே கதைதான்: "ஒன்றும் ஆகாது, கவலைப்படாதீர்கள்" என்ற விடையைத் தொட்டால் மதிப்பெண் போச்சு. இதை நாளைக் காலையிலிருந்தே தமிழில் பழகு. உன் வார்டில், உன் நோயாளியிடம், ஒரே ஒரு கேள்வி கூடுதலாகக் கேள். நோயாளிக்கும் நல்லது, உன் தேர்வுக்கும் நல்லது. தமிழில் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஆங்கிலம் பின்னாலேயே வரும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தனியார் மருத்துவமனைச் செவிலியர் நிலை குறித்து உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னதன் பேரில் அமைந்த மத்திய அரசின் நிபுணர் குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான சின்ன மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. உன் சம்பளச் சீட்டை எடுத்துப் பார். இன்றும் பல ஊர்களில் அதில் பாதியைத் தொட்டவர்களே குறைவு. கல்விக்கடன் தவணை அதைவிட அதிகம். இந்த நிலையில் வைத்துவிட்டு, வெளிநாடு போகிறேன் என்றதும் "நாட்டுக்குச் சேவை செய்ய மனசில்லையா" என்று உபதேசிக்க வருகிறார்கள். வெட்கமாக இல்லையா அவர்களுக்கு? சேவை மனப்பான்மை உன்னிடம் இருப்பதால்தான் இந்தச் சம்பளத்துக்கு இத்தனை வருடம் நின்றாய். உழைப்புக்கு ஊதியம் தேடிப் போவதில் குற்றவுணர்வு ஒரு துளியும் வேண்டாம்.

சிலர் இன்னொரு வேலை செய்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு "பாண்ட் முடியட்டும்" என்கிறார்கள். சான்றிதழ் விற்பனைப் பொருளல்ல, அதை ஈடாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயந்து கெஞ்சாதே. எழுத்தில் கேள். கொடுத்த தேதியைக் குறித்துவை. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்பு. பல பூட்டுகள் அதிலேயே திறந்துவிடும்.

நீ எந்த மண்ணிலிருந்து வருகிறாய் என்று தெரியுமா? வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். இந்தியாவில் பல்கலைக்கழகப் பட்டமாக நர்சிங் படிப்பு வந்தது 1946-ல். டெல்லியோடு சேர்ந்து அந்தப் பெருமை வேலூருக்கு உண்டு. நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே பட்டம் பெறப் படித்துக்கொண்டிருந்த செவிலியர்களின் வரிசையில் நீ நிற்கிறாய்.

எந்த நாடு என்று கேட்பாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், ஒரு நேரம். வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் கணினித் தேர்வும். இரண்டு வருட அனுபவம் கையில் இருப்பது நல்லது. பிரிட்டனுக்கு முதலில் சி.பி.டி. என்ற கணினித் தேர்வு, அதில் 15 கணக்கு, 100 நர்சிங் கேள்வி. அங்கே போனபின் பத்து நிலையங்களில் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வு. கணக்கு என்றதும் முகம் சுளிக்காதே. ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? ஆயிரத்தை இருபதால் பெருக்கி 480-ஆல் வகுத்தால் 42. வார்டில் கடிகாரத்தைப் பார்த்து நீ சொட்டை எண்ணித் திருகும் அதே கணக்கு. ஜெர்மனிக்குத் தேர்வைவிட மொழிதான் மலை. பி-2 நிலை வரை ஜெர்மன் வேண்டும், ஆனால் ஜி.என்.எம். படித்தவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, அங்கே போய் விசாரி. ஆஸ்திரேலியா நம் நாட்டுச் செவிலியர்களுக்கு என்கிளெக்ஸையே வைத்திருக்கிறது, அதன்பின் அங்கே போய் ஆஸ்கி. கனடாவின் பெரும்பாலான மாகாணங்களும் 2015 முதல் என்கிளெக்ஸைத்தான் ஏற்கின்றன.

அமெரிக்காவைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோச்சிங் சென்டர் போஸ்டர்களில் இதைப் போட மாட்டார்கள். என்கிளெக்ஸ் பாஸ் செய்தால் அடுத்த மாதம் விமானம் என்பது பொய். செவிலியருக்கான குடியேற்ற விசா வரிசையில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான காத்திருப்பு பத்து வருடத்துக்கும் மேல். அதற்காக எழுதாதே என்று சொல்லவில்லை. வரிசையில் இடம் பிடித்துவிட்டு, இன்னொரு நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே காத்திருக்கும் நம் பெண்கள் ஏராளம். பிரிட்டனிலும் 2024-க்குப் பிறகு வெளியிலிருந்து எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. கதவுகள் திறக்கும், மூடும். ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள்தான் ஏமாறுகிறாள். மொழித் தேர்வும் அனுபவச் சான்றிதழும் கையில் தயாராக இருப்பவள் எது திறக்கிறதோ அதில் நுழைந்துவிடுவாள்.

ஏஜென்ட்டுகளைப் பற்றி எழுதும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. உன் பயம்தான் அவர்களின் மூலதனம். "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று ஆரம்பிப்பார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு இந்திய அரசே உச்சவரம்பு வைத்திருக்கிறது: 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். இமைகிரேட் என்ற அரசு இணையதளத்தில் அந்த ஏஜென்ட்டின் பதிவு எண் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். 2015-ல் கேரளத்தில் வெடித்த குவைத் செவிலியர் மோசடி ஞாபகம் இருக்கிறதா? 19,500 ரூபாய் வாங்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பெண்ணிடமும் 19.5 லட்சம் வரை வாங்கியதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. நகையை விற்றார்கள், வீட்டை அடகு வைத்தார்கள். அந்த ஆண்டுதான், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்குச் செவிலியர்களை அரசு நிறுவனங்கள் வழியாக எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அதற்கென்றே 1978 முதல் இயங்கும் அரசு நிறுவனம் இருக்கிறது, ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன். சென்னையில் அலுவலகம். வளைகுடாவுக்கும் ஜெர்மனிக்கும் அவர்கள் ஆள் எடுக்கும் அறிவிப்பு வரும். அதைப் பார்க்காமல் தெருமுனை ஏஜென்ட்டிடம் அம்மாவின் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுக்கிறாயே, நியாயமா?

பிரிட்டனில் வேலை வாங்கித் தர உன்னிடம் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடு. அந்த நாட்டின் ஆள்சேர்ப்பு நெறிமுறையே வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. செலவு ஆள் எடுக்கும் மருத்துவமனையுடையது.

குறுக்கு வழி காட்டுபவர்களும் வருவார்கள். "பரீட்சைக்கு வேற ஆள் உட்காருவாங்க, சர்டிபிகேட் ரெடி பண்ணித் தர்றோம்." 2023 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது அம்பலமானது. அதே ஆண்டு நைஜீரியாவின் இபாதான் நகரத்துத் தேர்வு மையம் ஒன்றில் நடந்த முறைகேட்டைப் பிரிட்டனின் செவிலியர் கவுன்சில் கண்டுபிடித்தது. ஏற்கெனவே பிரிட்டனுக்குப் போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களின் உரிமமே கேள்விக்குள்ளானது. பத்து வருடம் கழித்துக்கூடத் தோண்டுவார்கள். நான்கு வருடம் வியர்வை சிந்திச் சம்பாதித்த ஆர்.என்., ஆர்.எம். எண்ணை ஒரு தரகனின் பேச்சுக்கு அடகு வைக்காதே. உனக்கு அது தேவையும் இல்லை.

எப்படிப் படிப்பது? நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் புத்தகத்தைத் திறக்காதே, தூங்கு. தூக்கமில்லாத மூளை படிப்பதுபோல நடிக்கும். டே ஷிப்ட் நாளில் ஒரு மணி நேரம், லீவு நாளில் நான்கு மணி நேரம் கிடைத்தாலும் போதும், தினமும் வேண்டும். சாண்டர்ஸ் புத்தகமோ யூவேர்ல்டு கேள்வி வங்கியோ, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள். பத்துப் புத்தகம் வாங்கி அடுக்கிவைத்தவர்கள் பத்தையும் முடித்ததை நான் பார்த்ததில்லை. ஒரு நாளைக்கு 50 கேள்வி போடு. போட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கத்தைப் படி. சரியாகப் போட்டதற்கும் படி, ஏனென்றால் குருட்டாம்போக்கில் சரியானதும் அதில் இருக்கும். தவறியதை ஒரு நோட்டில் எழுதி, ஏன் தவறியது என்று பக்கத்தில் குறி: பாடம் தெரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, முதலில் சரியாகத் தொட்டுவிட்டுப் பயத்தில் மாற்றிவிட்டாயா? நான் வாங்கிப் பார்த்த நோட்டுகளில் அந்த மூன்றாவது காரணம் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். பாடத்தைச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் இருக்கிறார். முதல் விடையை நம்பும் தைரியத்தை நீதான் வளர்க்க வேண்டும்.

பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடு என்று வரும் கேள்விக்குத்தான் எல்லோரும் நடுங்குகிறார்கள். 2023 வரை ஒன்று விட்டாலும் பூஜ்யம். இப்போது பகுதி மதிப்பெண் உண்டு. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எடுத்து, இது சரியா தப்பா என்று மட்டும் கேட்டுக்கொள். மற்ற வரிகளைப் பார்க்காதே.

தோற்றால்? தோற்கலாம். 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். தோற்றவர்களுக்கு ஓர் அறிக்கை அனுப்புவார்கள். எந்தப் பகுதியில் எல்லைக்கு மேலே, எதில் பக்கத்தில், எதில் கீழே என்று எழுதியிருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாமல் ஒளிந்துகொள்ளாதே. கீழே என்று போட்ட பகுதியை எடுத்துவைத்து அங்கிருந்து ஆரம்பி. "ஃபெயிலாயிட்டியாமே" என்று கேட்கும் சித்திக்கு, "ஆமா சித்தி, மறுபடி எழுதறேன்" என்று நேராகச் சொல். அவர் என்கிளெக்ஸ் எழுதியவரா?

வீட்டில் தடை வரும். பெண்ணைத் தனியாக அனுப்புவதா, முதலில் கல்யாணத்தை முடி என்பார்கள். ஐ.சி.யு.வில் எட்டுப் பேரின் உயிரை நள்ளிரவில் தனியாகப் பார்த்துக்கொள்ள விட்டவர்கள்தானே? அதை அப்பாவிடம் கோபப்படாமல் சொல். எந்த நாடு, என்ன சம்பளம், எங்கே தங்குவாய், என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதிக் காட்டு. தகவலோடு பேசும் மகளைப் பெரும்பாலான அப்பாக்கள் தடுப்பதில்லை.

கடைசியாக ஒரு வேலை, இன்றே செய்ய வேண்டியது. உன் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நர்சிங் பட்டம், கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், மார்க் ஷீட்டில் வெறும் ஓர் எழுத்தாக இருக்கும், கவுன்சில் பதிவில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் நின்றுபோகின்றன. என்கிளெக்ஸ் அனுமதிக் கடிதத்தில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் பொருந்தாவிட்டால் தேர்வு மைய வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கட்டிய 200 டாலரும், வெளிநாட்டில் எழுதுவதற்கான கூடுதல் 150 டாலரும் போய்விடும். வேறுபாடு இருந்தால் திருத்தத்துக்கு இந்த வாரமே விண்ணப்பம் போடு. தமிழ்நாடு செவிலியர் கவுன்சில் பதிவு காலாவதியாகியிருந்தால் புதுப்பி. வேலை பார்த்த இடங்களில் அனுபவச் சான்றிதழை, தேதியும் வார்டு பெயரும் போட்டு, விலகும் நாளிலேயே கேட்டு வாங்கு. பாஸ்போர்ட்டே இல்லை என்றால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு வா.